வெளுக்கும் வரை

அண்ணன் என்னிடம் கடைசியாகக் கேட்டது, இரண்டாம் நம்பர் மிஷினில் தண்ணீர் வடிந்துவிட்டதா என்பதுதான். இன்னும் இல்லை என்றேன். "அதுக்கு எப்பவும் தொண்டையில ஏதாவது சிக்கியிருக்கும்" என்றான். குனிந்து வடிகுழாயைத் திறந்து, யாருடைய சட்டையிலிருந்தோ கழன்ற பொத்தானை எடுத்து மேசைமேல் வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு மகளின் பயிற்சிக்காக மாடி ஏறினான். அரை மணி கழித்து இறங்கி வந்து, விரிப்பு மூட்டைகள் நான்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு விடுதிக்குப் போனான்.

விடுதியின் பின்பக்கப் படிக்கட்டில், இரண்டாவது திருப்பத்தில், மூட்டையை இறக்கி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறான். இளைப்பாறுகிறான் என்று நினைத்து இரண்டு பேர் அவனைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போயிருக்கிறார்கள். மூன்றாவதாக வந்த சமையல்காரர்தான் தோளைத் தொட்டுப் பார்த்தார். மாரடைப்பு என்றார்கள். அவனுக்கு முப்பத்தொன்பது வயது.

எங்களுடையது சலவைக்கடை. முன்னால் துணி வாங்கும் மேசை. நடுவில் மூன்று மிஷின்கள், ஒரு பிழியும் மிஷின். பின்னால் கறை போகாத துணிகளை வேகவைக்கும் பெரிய வெந்நீர்த் தொட்டி. சுவரோரம் ஆவியில் தேய்க்கும் பிரஸ். மாடியில் இரண்டு அறைகளில் அண்ணன், அண்ணி, குழந்தை. தொட்டிக்குப் பக்கத்து அறையில் நான். மழைக்காலத்தில் வாடிக்கையாளர்கள் துணி வாங்கியபிறகும் கிளம்பமாட்டார்கள். உள்ளே அவ்வளவு கதகதப்பாக இருக்கும். வெயில் காலத்தில் வாசலிலேயே நின்று கையை நீட்டி வாங்கிக்கொண்டு போவார்கள்.

குழந்தைக்கு அப்போது ஐந்து வயது. பிறந்தபோது மிகச் சிறியதாக இருந்ததால் பட்டாணி என்று கூப்பிட்டோம், அதுவே நிலைத்துவிட்டது. அண்ணன் இறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பு அது பிரஸ்ஸின் சூட்டுத் தகட்டில் வலது உள்ளங்கையை வைத்து அழுத்திவிட்டது. அப்பா தலையணை உறையை நீவுவதைப் பார்த்துத் தானும் நீவியிருக்கிறது. அன்று பிரஸ்ஸில் நின்றது அண்ணி. ஒரு வாடிக்கையாளருக்குக் கோட்டை எடுத்துக் கொடுக்கத் திரும்பினாள். மேசைக்கும் பிரஸ்ஸுக்கும் நான்கு அடி இருக்கும்.

புண் ஆறிவிட்டது. ஆறிய பிறகுதான் தொந்தரவு ஆரம்பித்தது. உள்ளங்கையில் தழும்பு தடித்து, நாளுக்கு நாள் சுருங்கி, விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. பொத்திய கை பொத்தியபடியே நின்றுவிடும்போல் இருந்தது. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் சொன்னார்: வீட்டில் தினமும் இரண்டு வேளை விரல்களை நிமிர்த்தும் பயிற்சி, இரவில் கையை விரித்துவைக்கும் பிளாஸ்டிக் பலகை. பயிற்சி தொடங்கி ஒன்பதாம் மாதம் பார்ப்போம், விரல் திறக்காவிட்டால் தழும்பை வெட்டித் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டவேண்டும், வளர வளர அதை மறுபடியும் செய்யவேண்டியிருக்கலாம் என்று.

பயிற்சியை அண்ணன் எடுத்துக்கொண்டான். பயிற்சி சொல்லித்தரும் பெண்ணிடம் வாரம் ஒருமுறை குழந்தையைக் கூட்டிப்போனதும் அவன்தான். பட்டாணி அவளுக்குக் கை டீச்சர் என்று பெயர் வைத்திருந்தாள். அண்ணியும் கூடப் போவாள். ஆனால் நடைவழிப் பெஞ்சோடு நின்றுவிடுவாள். வீட்டிலும் அப்படித்தான். அண்ணன் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்ததும் அவள் கீழே இறங்கி வந்து பிழியும் மிஷினை ஓடவிடுவாள். கடையிலேயே அதிகம் சத்தம் போடுவது அதுதான். மேலே குழந்தை அலறுவது அதற்குள் அமுங்கிவிடும்.

ஒருநாள் பயிற்சி முடித்து இறங்கிய அண்ணன் என்னிடம் கேட்டான்.

"காலி மிஷின் ஓடுது, கேக்குதா?"

"கேக்குது."

"தினமும் காலியாத்தான் ஓடுதா?"

"தினமும்தான்."

கையில் மிச்சமிருந்த எண்ணெயைத் துடைத்தான். "ஓடட்டும்" என்றான்.

அவன் போனபிறகு ஐந்து நாட்கள் வீடு நிறைய ஆட்கள். யாரோ சமைத்தார்கள், யாரோ பாத்திரம் கழுவினார்கள். குழந்தையை ஒவ்வொருவராக மடியில் வாங்கிவைத்துக்கொண்டார்கள். அதன் கையை யாரும் பார்க்கவில்லை. ஆறாம் நாள் எல்லோரும் கிளம்பியபிறகு அண்ணி மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எப்போதோ மிஷின் சாமான் வாங்க அண்ணன் இரண்டு நாள் வெளியூர் போனபோது அவளுக்காக எழுதிவைத்தது. அந்த இரண்டு நாளும் அவள் அதைத் திறந்து பார்க்கவில்லை; பயிற்சியும் நடக்கவில்லை. எங்கள் துணிச்சீட்டின் பின்பக்கத்தில், அண்ணனின் சாய்ந்த எழுத்தில், இவ்வளவுதான் இருந்தது:

காலை – எண்ணெய். விரல் விரலாக, வெளுக்கும் வரை. இருபது.

மாலை – அதே.

ராத்திரி – பலகை, வெளுக்கும் வரை.

"நீங்க படிங்க தம்பி. எனக்குப் புரிஞ்சது சரியான்னு தெரியணும்" என்றாள்.

படித்தேன். சலவைக்காரன் எழுதிய தாள். படிக்கிற இருவரும் சலவைக்காரர்கள். எங்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்.

"ஒவ்வொரு விரலா எண்ணெய் போட்டு வெள்ளையாகுற வரைக்கும் கழுவணும் அண்ணி. தழும்பு கருத்துக் கிடக்குதில்ல, அது வெளுக்கணும்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். இருபதுன்னா?"

"இருபது தடவை தேய்க்கணும்போல."

"அப்புறம் ஏன் அவ அப்படிக் கத்தினா?"

"அண்ணன் கை முரட்டுக் கை அண்ணி. போர்வை பிழியிற கை."

அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. "கழுவறதுதானா" என்றாள். "இதுக்குப் போயா ஏழு மாசம் ஓடி ஒளிஞ்சேன்."

அன்று மாலையே ஆரம்பித்தாள். வெதுவெதுப்பான தண்ணீர், எண்ணெய், மெல்லிய துண்டு. மடிந்த விரலை மடிந்தபடியே பிடித்து, மேலிருந்து கீழே இருபது தடவை. பிழியும் மிஷின் ஓடவில்லை. மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. பட்டாணி படியிறங்கி வந்து எனக்குச் செய்தி சொன்னாள்.

"சித்தப்பா, அம்மா செஞ்சா வலிக்கவே இல்ல. அம்மாதான் பெஸ்டு."

"அப்பா?"

"அப்பா வலிப்பார்" என்றாள், வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல.

பலகை என் பங்குக்கு வந்தது. அது அரை அங்குலம்கூடத் தடிமன் இல்லாத பிளாஸ்டிக். குழந்தையின் உள்ளங்கையும் விரல்களும் விரிந்தபடி பதிந்திருக்கும் அச்சு. கட்டிக்கொள்ள மூன்று பட்டைகள். ஏழு மாத வியர்வையிலும் எண்ணெயிலும் மஞ்சள் ஏறி வாடை அடித்தது. பலகை, வெளுக்கும் வரை. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. சோடா போட்டுத் தேய்த்தேன். ஒரு மஞ்சள் போய் இன்னொரு மஞ்சள் வந்தது. எங்கள் கடையில் இதற்குமேல் ஒரே வழிதான். பட்டைகளைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் போட்டேன்.

இரண்டு நிமிடம் கழித்துக் கோலை விட்டுத் துழாவினால் ஏதோ வழவழப்பாகச் சுற்றிக்கொண்டு வந்தது. கையும் இல்லை, விரலும் இல்லை. நனைந்த ரொட்டித் துண்டுபோல் கோலில் தொங்கியது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் அதை என் கையிலேயே போர்த்தி அச்செடுக்கப் பார்த்தேன். சூடு தாங்காமல் மேசைமேல் வீசினேன். மேசையில் விழுந்தது விழுந்தபடி, ஓரம் மடிந்து, இறுகிவிட்டது. சரி, தேய்த்தாவது நிமிர்த்தலாம் என்று இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். அது தேய்ப்புத் துணியோடு ஒட்டிக்கொண்டது.

அண்ணி வந்து பார்த்தபோது நான் துணியிலிருந்து அதைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன இது?"

"பலகை."

அவள் அதைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தாள்.

"வேகவெச்சீங்களா?"

"வெளுக்கலையே அண்ணி."

"வேகவெச்சு, இஸ்திரியும் போட்டிருக்கீங்க. மடிச்சு, சீட்டுக் குத்தி அலமாரில வெக்கிறதுதான் பாக்கி." குரலை உயர்த்தவில்லை. அந்தத் தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவர் ஏழு மாசம் தினமும் கட்டின பலகை தம்பி."

நான் இஸ்திரிப் பெட்டியை அணைத்தேன்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கவேண்டும். போகவில்லை. கை டீச்சர் என்ன சொல்வாளோ என்று பயமாக இருந்தது என்பதுதான் உண்மை. இந்த வார முறை துக்கத்தில் தவறிப்போயிற்று, அடுத்த முறைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அண்ணியும் சரி என்றாள். கடையிலும் வேலை குவிந்திருந்தது. இரண்டு விடுதிகளின் விரிப்புகளையும் நான் ஒருவனாகத் தூக்கினேன். பின்பக்கப் படியின் இரண்டாவது திருப்பத்தில் நிற்காமல் ஏறப் பழகிக்கொண்டேன்.

நான்காம் நாள் அண்ணி வேலைக்கு நடுவில் வந்து நின்றாள்.

"தம்பி, துண்டு உள்ள போகல."

"எங்க?"

"விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவுல. முதல் நாள் துண்டோட நுனியை விட்டுத் துடைச்சேன். நேத்து வெறும் நுரைதான் போச்சு. இன்னிக்கு நுரையும் போகல."

மிஷின்களை நிறுத்திவிட்டுக் கிளம்பினோம். கடையில் வேலை நேரத்தில் மூன்றும் நின்றது அன்றுதான்.

கை டீச்சருக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். தலைமுடியை ஒரு பென்சிலால் சுருட்டிக் குத்தியிருந்தாள். அண்ணன் இறந்த செய்தி அவளுக்குத் தெரியாது. "அப்பா எங்க, பட்டாணி? வண்டி நிறுத்துறாரா?" என்று கேட்டாள். நான் சொன்னேன். அவள் சட்டென்று எழுந்து, பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். குழந்தையின் கையை எடுத்தாள். விரலின் மடிப்பை அளக்கும் சின்னக் கருவியை ஒவ்வொரு விரலிலும் வைத்து எடுத்தாள்.

"ரெண்டு மாசத்துல திறந்தது பத்து நாள்ல மூடியிருக்கு" என்றாள். "பயிற்சி யார் செய்யிறீங்க?"

"நான்தான்" என்றாள் அண்ணி. "தினமும் ரெண்டு வேளை. ஒருவேளைகூட விட்டதில்ல டீச்சர்."

"எப்படிச் செய்றீங்கன்னு காட்டுங்க."

அண்ணி பையிலிருந்து துண்டை எடுத்தாள். எண்ணெய்ப் புட்டியை எடுத்தாள். மடிந்த விரலை மேலிருந்து கீழே இருபது தடவை நீவிக் காட்டினாள். டீச்சர் இருபதும் முடியும்வரை குறுக்கே பேசவில்லை.

"இதை யார் சொன்னாங்க?"

அண்ணி அலமாரித் தாளைக் கிழியாமல் உரித்து எடுத்துவந்திருந்தாள். டீச்சர் அதைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"நீங்க இதை எப்படி எடுத்துக்கிட்டீங்க?"

"வெளுக்கணும்னு போட்டிருக்கே. கழுவினேன். தம்பி பலகையை..." நிறுத்தினாள். நான் பையிலிருந்து தகட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதில் தேய்ப்புத் துணியின் நூல் நாலைந்து ஒட்டியிருந்தது.

டீச்சர் தகட்டைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று சொல்லமுடியவில்லை.

"வெந்நீரா?"

"கொதி தொட்டி" என்றேன். "நீங்க திட்டுவீங்கன்னுதான் முன்னாடியே வரல."

"வெளுத்து வாங்கிடுவேன்னு நினைச்சீங்களாக்கும். தப்பு என்னோடதும்தான். வெந்நீர் ஆகாதுன்னு அவர்கிட்ட மட்டும் சொன்னேன். அம்மா வெளியில பெஞ்சுலதான் இருந்தாங்க, கதவைத் திறந்து ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல." அண்ணியின் பக்கம் திரும்பினாள். "அம்மா, உங்க கையைக் கொடுங்க."

அண்ணியின் விரல்களைப் பிடித்துப் பின்பக்கமாக மெல்ல வளைத்தாள். உள்ளங்கைத் தோல் இழுபட்டு, சிவப்பு ஓடிப்போய், வெளிறியது.

"பாருங்க. ரத்தம் விலகி வெள்ளையாகுதா? இந்த வெளுப்புதான். தழும்பு இப்படி வெளுக்கிற வரைக்கும் விரலை நிமிர்த்தணும். வெளுத்த இடத்துல நிறுத்தி இருபது எண்ணணும். அதுக்கு முன்னாடி விட்டா பிரயோஜனம் இல்ல. அதைத் தாண்டி இழுத்தா கிழிஞ்சுடும்."

"ராத்திரி பலகை வெளுக்கும் வரைன்னு எழுதியிருக்கே?" என்று கேட்டேன்.

"பொழுதுங்க. பொழுது வெளுக்கிற வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு எழுதியிருக்கார்."

பட்டாணி எண்ணெய்ப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"வலிக்காம செஞ்சேன்னு சந்தோஷப்பட்டேன்" என்றாள் அண்ணி. "அதான் வலிக்கலையா."

"இனிமே வலிக்கும்."

"எவ்வளவு நாள்?"

"பெரிய டாக்டர் பாக்கறதுக்கு ஏழு வாரம் இருக்கு. அதுவரைக்கும் தினமும். அப்புறமும் வளர்ச்சி நிக்கிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சம். விரல் வளரும், தழும்பு கூடவே வளராது. இப்ப புதுப் பலகை செய்யணும். நான் அச்சுப் படிய வைக்கிறேன், ரெண்டு கையும் எனக்கு வேணும். அது இறுகற வரைக்கும் ஒருத்தர் விரலை வெளுத்த நிலையிலயே பிடிச்சிருக்கணும். நாலு நிமிஷம். போன தடவை அவர் பிடிச்சார்." என்னைப் பார்த்தாள். "நீங்க பிடிக்கிறீங்களா?"

நான் எழுந்தேன்.

"வேண்டாம், உக்காருங்க தம்பி" என்றாள் அண்ணி. எழுந்து கதவுவரை போனாள். போய்விடுவாள் என்றே நினைத்தேன். கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தாள். "விரிப்பு மடிக்கிற மாதிரிதானே டீச்சர்? ரெண்டு பேர் முனையைப் பிடிச்சுக்கிட்டு நிப்போம். வெடுக்குன்னு இழுத்தா ஓரம் கிழியும். உடம்பைச் சாய்ச்சு, மெதுவா, சுருக்கம் போற வரைக்கும்."

"அதேதான். அங்கயே நிக்கணும்."

சட்டியில் சுடுநீரில் புது பிளாஸ்டிக் மெத்தென்று ஆனது. கைக்கு மெல்லிய துணியுறை போட்டார்கள். அண்ணி குழந்தையின் விரல் நுனிகளைப் பிடித்தாள். சாய்ந்தாள். பட்டாணிக்கு முதலில் புரியவில்லை. அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு நின்றது.

"அம்மா, வலிக்குது."

"தெரியும்."

"விடு! நீ வேண்டாம்! அப்பாவைக் கூப்பிடு!"

"அப்பா இல்லடி."

"அப்ப சித்தப்பா! சித்தப்பா பிடிக்கட்டும்!"

"பலகையவே வேகவெச்சவர்டி உன் சித்தப்பா. அவர்கிட்ட உன் கையைக் கொடுப்பேனா?"

அலறலுக்கு நடுவில் அந்தக் குழந்தை ஒரே ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தது. மறுபடி அலறியது. கெட்ட அம்மா என்றது, பேய் என்றது, டீச்சரை உதைத்தது. அண்ணி அழவில்லை. விரலையும் பார்க்கவில்லை; குழந்தையின் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் சொன்னதற்கு அப்புறமும் அவள் கையை எடுக்க நேரமாயிற்று. "போதும்மா, இறுகிடுச்சு, விடுங்க" என்று மூன்றுதடவை சொல்லவேண்டியிருந்தது.

அதன்பிறகு கடையில் காலையும் மாலையும் அரை மணி வேலை ஓடாது. முதல்நாள் மாலை மேலே அலறல் கேட்டதும் என் கை தானாகப் பிழியும் மிஷினின் விசைக்குப் போனது. அழுத்திவிட்டேன்போல; மேலேயிருந்து குரல் வந்தது.

"தம்பி, அதை நிறுத்துங்க! எண்ணிக்கை தப்புது!"

நிறுத்தினேன். துணி வாங்க வந்த ஓட்டுநர் ஒருவர், "யாரைப் போட்டு அடிக்கிறாங்க மேல?" என்று முகம் சுளித்தார்.

"அடிக்கல. விரல் நிமித்துறாங்க" என்றேன்.

"பெத்த தாயா?"

"ஆமா."

அவர் துணியை வாங்கிக்கொண்டார். மேலே எண்ணிக்கை பதினேழில் இருந்தது. இருபது வரும்வரை வாசலைத் தாண்டாமல் நின்றுவிட்டுப் போனார்.

பட்டாணி பத்து நாள் அம்மாவோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை என்னிடம்தான் நீட்டினாள். பிறகு தானே எண்ண ஆரம்பித்தாள். ஆறிலிருந்து பதினொன்றுக்குத் தாவுவாள். "ஏழு எங்க போச்சு?" என்று கேட்பாள் அண்ணி. "தொலைஞ்சு போச்சு." "தேடி எடுத்துக்கிட்டு வா, அதுவரைக்கும் பிடிச்சிருக்கேன்." கீழே நான் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஏழாம் வாரம் பெரிய டாக்டர் அளந்து பார்த்தார். மூன்று விரல்கள் திறந்திருந்தன. கட்டைவிரலுக்கு முதலிலேயே பாதிப்பில்லை. சுண்டுவிரல் மட்டும் திறக்கவில்லை. அந்த மூன்றுக்கும் தழும்பை வெட்டவேண்டியதில்லை என்றார். சுண்டுவிரலுக்கு இரண்டு ஆண்டு கழித்துத் தோல் ஒட்டினார்கள். அந்தப் பத்து நாள் வீணாகாமல் இருந்தால் அதுவும் தப்பியிருக்குமா என்று ஒருமுறை டீச்சரிடம் கேட்டேன். "சொல்லமுடியாது" என்றாள். வேறு யாராவது இருந்தால் ஆறுதலுக்காவது இல்லை என்று சொல்லியிருப்பார்கள்.

இப்போது பட்டாணிக்குப் பதினாறு வயது. வலது கையால்தான் எழுதுகிறாள். பயிற்சியை இன்னும் அண்ணிதான் செய்கிறாள், வாரம் இரண்டு நாள். ஆஸ்பத்திரியில் ஆண்டுக்கொருமுறை அட்டையை மாற்றுவார்கள். எழுத்தர் பழைய அட்டையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு புதியதில் பார்த்து எழுதுவார். வயதை மட்டும் ஒன்று கூட்டுவார். மற்றதெல்லாம் இருந்தபடியே இறங்கும். அண்ணி ஜன்னலில் நின்று வாங்கி, ஒரு தடவை முழுக்கப் படித்துவிட்டுப் பைக்குள் வைப்பாள். திருத்தச் சொல்லிக் கேட்டதில்லை. இந்த ஆண்டு அட்டையையும் நான் பார்த்தேன். வீட்டில் பயிற்சி தருபவர் என்ற வரிக்கு நேராகத் தந்தை என்று எழுதியிருக்கிறது.